காலை ஊன்றுமுன் நிலத்தைக் கேள்



சித்தியவான் என்ற பெயருக்கு ஒரு கதை உண்டு. தோட்டத்துப் பிள்ளைகள் பலரும் பள்ளிக்கூடத்தில் கேட்ட கதைதான். முன்னொரு காலத்தில் இரண்டு யானைகள் ஆற்றங்கரைக்கு வந்தனவாம். ஒன்று சேற்றில் இறங்கி, ஏற முடியாமல் புதைந்துபோயிற்று. மற்றது அதைவிட்டுப் பிரிய மனமில்லாமல் அங்கேயே நின்றுவிட்டது. உற்ற தோழன் என்று பொருள்படும் 'செத்தியா காவான்' என்ற மலாய்ச் சொற்களே நாளடைவில் சித்தியவான் ஆயிற்று என்பார்கள்.

நட்பின் பெருமையைச் சொல்லத்தான் பெரியவர்கள் இந்தக் கதையைச் சொல்வது வழக்கம். இன்று நாம் இதே கதையை வேறொரு பக்கத்திலிருந்து பார்ப்போம். முதல் யானை ஏன் புதைந்தது? பலம் இல்லாமலா? இல்லை. மேலே நிலமாகத் தெரிந்ததன் கீழே என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்று நம் முன்னோர் சொல்லி வைத்தது இதைத்தான்.

பெரிய நகரங்களில் தண்ணீர் போவதற்காகப் பூமிக்கு அடியில் சுரங்கம் தோண்டுகிறார்கள். குடிநீர் வருவதற்கு ஒன்று, வெள்ளம் வடிவதற்கு ஒன்று. அப்படித் தோண்டுவதற்கு முன்னால் நிலத்தை எப்படிச் சோதிக்கிறார்கள், சோதிக்காமல் தோண்டியவர்களுக்கு என்ன நேர்ந்தது, நம் நாட்டில் அது எப்படி நடந்தது என்பதே இன்றைய பேச்சு.

தோட்டத்தில் பால் வெட்டும் நமக்கும் நகரத்துச் சுரங்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் நிறைய உண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், கித்தா மரங்கள் போய்ச் செம்பனை வந்தபோதும், நம் குடும்பங்கள் பல பட்டணத்தை நாடிச் சென்றன. சென்றவர்களில் எத்தனையோ பேர் ஆற்றங்கரைகளிலும் பள்ளமான இடங்களிலும் குடிசை போட்டுக்கொண்டார்கள். ஆற்றில் வெள்ளம் வந்தால் முதலில் நனைவது அவர்கள் பாய்தான். இன்னொன்றும் உண்டு. 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு 23-ஆம் தேதி, கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா சாலையில் நடைபாதை திடீரென்று உள்வாங்கியது. நடந்துகொண்டிருந்த ஒரு பெண்மணி அந்தக் குழிக்குள் விழுந்தார். ஒன்பது நாட்கள் தேடியும் அவர் கிடைக்கவில்லை. அந்தச் செய்தி வந்த வாரத்தில், தீபாவளிக்குத் துணி எடுக்க அந்தச் சாலைக்குப் போகும் நம் வீட்டுப் பெண்களெல்லாம் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்கள். அதன் காரணத்தை இங்கே முடிவுகட்ட நாம் வரவில்லை. ஆனால், காலுக்குக் கீழே இருப்பது என்ன என்ற கேள்வி அன்று எல்லார் மனத்திலும் எழுந்தது. அந்தக் கேள்விக்கு முறையாக விடை தேடும் கல்விக்கு நிலவியல் என்று பெயர்.

எங்கள் தோட்டத்தில் கிணறு வெட்டிய நாட்கள் நினைவுக்கு வருகின்றன. லயத்துக்குப் பின்னால் கிணறு வெட்ட வேண்டும் என்றால், வயதான ஒருவரை அழைத்து வருவார்கள். அவர் வந்ததும் மண்வெட்டியைத் தொடமாட்டார். கடப்பாரையை எடுத்து நாலைந்து இடங்களில் குத்திப் பார்ப்பார். அது இறங்கும் ஓசையைக் கேட்பார். நுனியில் ஒட்டிய மண்ணை விரலால் தேய்ப்பார், முகர்ந்து பார்ப்பார். "இங்கே பத்தடிக்குக் கீழே உளை மண் இருக்கிறது, பலகை கட்டாமல் இறங்காதே" என்பார். பொறுமையில்லாத இளைஞர்கள் சிரிப்பார்கள். ஆனால், அவர் சொன்ன இடத்தில் அவர் சொன்ன மண்ணே வரும். நேயர்களே, உலகத்துப் பெரிய பொறியாளர்கள் கோடி கோடியாகச் செலவழித்துச் செய்வதும் இதே வேலையைத்தான். கடப்பாரை பெரிதாகிவிட்டது, கணக்கு நுட்பமாகிவிட்டது.

அந்தப் பெரிய கடப்பாரை எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். முதலில் துளை போடுகிறார்கள். ஏறக்குறைய ஒரு சாண் அகலத்துக்கும் குறைவான துளைதான். ஆனால், பல பத்து மீட்டர் ஆழம் வரை போகும். மண்ணாக இருக்கும்வரை, நடுநடுவே ஒரு சோதனை செய்வார்கள். 63.5 கிலோ எடையுள்ள இரும்புச் சம்மட்டியை 76 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு, ஒரு குழாயை மண்ணுக்குள் இறக்குவார்கள். 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி வேண்டியிருக்கிறது என்று எண்ணுவார்கள். நம் கடற்கரையோரத்துச் சேற்றுக் களிமண் என்றால் இரண்டு மூன்று அடியிலேயே குழாய் இறங்கிவிடும். கெட்டியான மணல் என்றால் முப்பது நாற்பது அடி வேண்டும். ஐம்பது அடித்தும் இறங்கவில்லை என்றால், மிகக் கெட்டியான மண்ணையோ பாறையையோ எட்டிவிட்டோம் என்று பொருள். இந்த எண்ணிக்கைதான் பொறியாளருக்கு நாடித்துடிப்பு.

பாறை வந்துவிட்டால் வைரத்துணுக்குகள் பதித்த துரப்பணக் குழாயை இறக்குவார்கள். அது பாறையைச் சுற்றி அறுத்து, உள்ளே கரும்புத் துண்டு போன்ற உருளைக் கல்லை மேலே கொண்டுவரும். அந்தக் கற்களை மரப்பெட்டியில் வரிசையாக அடுக்கி, எந்த ஆழத்தில் எந்தக் கல் என்று எழுதி வைப்பார்கள். கல் முழுசாக வந்தால் பாறை உறுதி. துண்டு துண்டாக வந்தால் வெடிப்புகள் உண்டு. ஒன்றுமே வராமல் துரப்பணம் திடீரென்று கீழே விழுந்தால், அங்கே பொந்து இருக்கிறது. துளைக்குள் நீர்மட்டம் எங்கே நிற்கிறது, மழைக்காலத்தில் எவ்வளவு ஏறுகிறது என்பதையும் மாதக்கணக்கில் அளந்து வைப்பார்கள்.

துளை போடாமலும் பார்க்க வழி உண்டு. தரையில் வரிசையாக இரும்புக் கம்பிகளை ஊன்றி மின்சாரத்தைச் செலுத்துவார்கள். ஈரமான களிமண் மின்சாரத்தை எளிதில் விடும். கெட்டிப் பாறை தடுக்கும். அந்த வேறுபாட்டைக் கொண்டு கீழே உள்ளதைப் படமாக வரைவார்கள். இன்னொரு கருவி பூமியின் ஈர்ப்பை அளக்கும். கீழே பெரிய பொந்து இருந்தால் அந்த இடத்தில் ஈர்ப்பு மிக மிகச் சிறிதளவு குறைந்திருக்கும். ஆனால், இவையெல்லாம் ஊகத்துக்கு உதவும் குறிப்புகளே. துளை போட்டுக் கண்ணால் கண்டால்தான் உறுதி.

இந்த அறிவு மனிதனுக்கு இலவசமாகக் கிடைக்கவில்லை. உயிர்களைக் கொடுத்துக் கற்ற பாடம் இது.

லண்டன் மாநகரில் தேம்ஸ் ஆற்றுக்கு அடியில் சுரங்கம் தோண்ட மார்க் புருனெல் என்ற பொறியாளர் 1825-இல் வேலையைத் தொடங்கினார். ஆற்றின் அடியில் சில துளைகள் போட்டுப் பார்த்திருந்தார்கள். வழி நெடுகிலும் கெட்டியான களிமண்தான் என்று அறிஞர்கள் அவருக்கு உறுதி கூறினர். ஆனால், போகப் போகக் களிமண் மெலிந்து, மணலும் சரளைக்கல்லும் வந்தன. 1827 மே மாதம் ஆறு உள்ளே புகுந்தது. 1828 ஜனவரியில் மறுபடியும் புகுந்தபோது ஆறு தொழிலாளர்கள் மூழ்கி இறந்தனர். வேலை ஏழு ஆண்டுகள் நின்றது. 1843-இல்தான் அந்தச் சுரங்கம் திறக்கப்பட்டது. நாலு துளையில் கண்டதை வைத்து நானூறு மீட்டருக்கும் ஒரே மண் என்று எண்ணியதன் விலை அது.

சுவிட்சர்லாந்தில் நடந்தது இன்னும் கொடுமை. லோட்ச்பெர்க் என்ற மலையைக் குடைந்து ரயில் சுரங்கம் அமைத்தார்கள். வழியில் ஒரு பள்ளத்தாக்கின் அடியைக் கடக்க வேண்டியிருந்தது. அங்கே சுரங்கத்துக்கு மேலே போதுமான பாறை இருக்கிறது என்று எண்ணிக்கொண்டார்கள். பாறை இருந்தது என்று எண்ணிய இடத்தில், பழைய பனிப்பாறைகள் விட்டுச்சென்ற மணலும் சரளையும் நீரும் நிறைந்திருந்தன. 1908 ஜூலை 24-ஆம் தேதி விடியற்காலையில் வெடி வைத்ததும் அவையனைத்தும் சுரங்கத்துக்குள் பாய்ந்தன. 25 பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் பிழைப்புக்காக இத்தாலியிலிருந்து வந்த கூலித் தொழிலாளர்கள். அந்தப் பகுதியைச் சுவர் வைத்து அடைத்துவிட்டு, சுரங்கத்தை வேறு வழியாக வளைத்துக் கொண்டுபோனார்கள். கடல் கடந்து பிழைக்க வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். அந்த 25 பேரின் கதை நமக்குப் புரியாமல் போகாது. தப்பாகக் கணக்குப் போட்டவர் வேறிடத்தில் இருந்தார். உள்ளே இருந்தவன் தொழிலாளி. நிலத்தைச் சோதிப்பது வெறும் பணக்கணக்கு அல்ல என்று நாம் சொல்வது இதனால்தான்.

அதே காலத்தில், சரியாகச் செய்தவர்களும் இருந்தார்கள். நியூயார்க் நகரம் குடிநீருக்காகக் கேட்ஸ்கில் மலைகளிலிருந்து தண்ணீர் கொண்டுவர முனைந்தது. வழியில் ஹட்சன் என்ற பேராறு குறுக்கிட்டது. ஆற்றின் அடியில் உறுதியான பாறை எத்தனை ஆழத்தில் இருக்கிறது? படகுகளில் துரப்பணம் வைத்து எழுநூறு அடிக்கு மேல் இறக்கியும் பாறை தட்டுப்படவில்லை. அவர்கள் ஊகத்துக்கு இடம் கொடுக்கவில்லை. இரு கரைகளிலும் ஆழமான குழிகளை இறக்கி, அவற்றிலிருந்து ஆற்றின் நடுப்பகுதியை நோக்கிச் சாய்வாகத் துளைகள் போட்டார்கள். பாறை உறுதியானது என்று கண்ட பிறகே, சுமார் 1,100 அடி ஆழத்தில் சுரங்கத்தை அமைத்தார்கள். சார்லஸ் பெர்க்கி என்ற நிலவியலறிஞர் பொறியாளர்களோடு கூடவே இருந்து, வந்த கற்களைப் படித்துச் சொன்னார். நகரத்துக்கு அடியிலும் அவ்வாறே பார்த்துப் பார்த்துத் தோண்டினார்கள். சுமார் 18 மைல் நீளமுள்ள அந்த நகரச் சுரங்கம் 1917-இல் நிறைவுபெற்றது. ஒரு நகரத்தின் தண்ணீர்ச் சுரங்கத்துக்கு நிலவியலறிஞர் இன்றியமையாதவர் என்பதை உலகம் கண்டுகொண்ட முக்கியமான இடங்களுள் இது ஒன்று எனலாம்.

சரி, நம் நாட்டுக்கு வருவோம். நம் பேராக் மாநிலத்திலிருந்தே தொடங்குவோம்.

1903-ஆம் ஆண்டில் மலாய் ஐக்கிய நாடுகளின் அரசு ஒரு நிலவியலறிஞரை நியமித்தது. ஸ்கிரிவனர் என்பது அவர் பெயர். அவருடைய அலுவலகம் பத்து காஜாவில் அமைந்தது. காரணம் என்ன? ஈயம்! கிந்தா பள்ளத்தாக்கில் ஈய லம்பங்கள் பெருகியிருந்த காலம் அது. எந்த மண்ணில் ஈயம் கிடைக்கும் என்பதை அறியவே நிலவியல் இந்நாட்டுக்கு வந்தது. வீடும் சாலையும் சுரங்கமும் கட்டுவதற்காக அன்று. ஸ்கிரிவனர் கோப்பேங் பகுதியின் ஈயக் களிமண்ணைப் பனிப்பாறைகள் கொண்டுவந்து சேர்த்தவை என்று கருதினார். அந்தக் கருத்து பின்னாளில் கைவிடப்பட்டது. இதை நாம் அவரைக் குறைகூறச் சொல்லவில்லை. கற்றவர் சொல்லும் மண்ணின் சாட்சியத்துக்கு அடங்கியதே என்பதைக் காட்டவே சொல்கிறோம். அவர் தொடங்கிய இலாகா பின்னர் ஈப்போவில் நிலைகொண்டது. 1999-இல் சுரங்க இலாகாவோடு இணைந்தது. ஈப்போவில் அதன் நிலவியல் அருங்காட்சியகமும் உண்டு. பிள்ளைகளை ஒரு முறையாவது அங்கே அழைத்துப்போய்க் கற்களைக் காட்டுங்கள்.

கிந்தா பள்ளத்தாக்கின் தரை எப்படிப்பட்டது? கிழக்கே பெரிய மலைத்தொடர், மேற்கே கிளேடாங் மலைத்தொடர், இரண்டும் கருங்கல். நடுவே பள்ளத்தாக்கின் அடியில் சுண்ணாம்புப் பாறை. அந்தச் சுண்ணாம்புப் பாறையின் மிச்சங்கள்தாம் ஈப்போவைச் சுற்றிச் செங்குத்தாக நிற்கும் வெள்ளை மலைகள். கல்லுமலை முருகன் கோயிலுக்குப் போனவர்கள் அந்தக் குகைகளைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் குகைகளை எந்தத் தச்சனும் குடையவில்லை, தண்ணீர் குடைந்தது. மழைநீர் காற்றிலும் இலை மக்கிய மண்ணிலும் உள்ள கரியமிலவாயுவைச் சேர்த்துக்கொண்டு இலேசான அமிலமாகிறது. அது சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளில் இறங்கி, இலட்சக்கணக்கான ஆண்டுகளாக அதைக் கரைக்கிறது. வெடிப்பு வாய்க்காலாகிறது, வாய்க்கால் குகையாகிறது. மலைக்குள் நடப்பது தரைக்கு அடியிலும் நடக்கிறது. மேலே மண் மூடியிருப்பதால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

பழைய ஈய லம்பங்களில் வேலை செய்தவர்களுக்கு இது தெரியும். மேல் மண்ணைத் தண்ணீர் பாய்ச்சிக் கரைத்து எடுத்த பிறகு, கீழே சமமான பாறை இருக்காது. ஊசி ஊசியாய்ச் சுண்ணாம்புக் கல் நிமிர்ந்து நிற்கும். அவற்றுக்கு இடையே ஆழமான பள்ளங்கள் இருக்கும். ஒரு முனையில் பாறை இரண்டு மீட்டரில் இருக்கும். நாலடி தள்ளினால் இருபது மீட்டர் இறங்க வேண்டும். லம்பத்தின் தண்ணீரை இறைத்துவிட்டால் சில இடங்களில் சுற்றியுள்ள நிலம் உள்வாங்கிவிடும். இதை நில அமிழ்வு என்கிறோம். நீர் நிறைந்திருக்கும்வரை பொந்துக்கு மேலிருக்கும் மண்ணை அதுவும் தாங்கிக்கொண்டிருக்கிறது. நீர் இறங்கியதும் தளர்ந்த மணல் சிறிது சிறிதாகப் பொந்துக்குள் கொட்டுகிறது. ஒருநாள் மேல்தரை உட்காருகிறது. சுண்ணாம்பு மலையின் கோபம் மேலிருந்தும் வரும். 1973 அக்டோபர் 18-ஆம் தேதி, ஈப்போ குனோங் செரோவில் பாறை பெயர்ந்து அடிவாரத்து நீண்ட வீட்டின்மேல் விழுந்தது. சுமார் நாற்பது உயிர்கள் போயின. பேராக் மக்கள் மறக்கக்கூடாத நாள் அது.

இதே சுண்ணாம்புப் பாறைதான் கோலாலம்பூரின் பெரும்பகுதிக்கு அடியிலும் இருக்கிறது. கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் சேற்று முனையில் பிறந்த ஊர் அது; பெயரே சேற்றைச் சொல்கிறது. 1857-இல் ஈயம் தேடி வந்தவர்களால் உருவானது. ஆகவே வெள்ளம் அதற்குக் கூடப்பிறந்தது. 1971 ஜனவரி வெள்ளத்தைப் பெரியவர்கள் இன்றும் நினைவில் வைத்திருப்பார்கள். 2000-க்குப் பிறகும் நகரின் நடுப்பகுதி மீண்டும் மீண்டும் நீரில் மூழ்கியது. ஆற்றை அகலப்படுத்த இடமில்லை. இரு கரையிலும் கட்டடங்கள். எனவே பூமிக்கு அடியில் ஓர் ஆறு வெட்டலாம் என்று முடிவாயிற்று. அதுதான் ஸ்மார்ட் சுரங்கம்.

வடிகால் நீர்ப்பாசன இலாகாவும் நெடுஞ்சாலை வாரியமும் சேர்ந்து எடுத்த திட்டம் அது. 2003-இல் வேலை தொடங்கியது. கிள்ளான் ஆறும் அம்பாங் ஆறும் சேரும் இடத்துக்கு அருகே வெள்ளத்தை உள்ளே வாங்கி, 9.7 கிலோமீட்டர் தூரம் நகரத்துக்கு அடியில் கொண்டுபோய், தாமான் டேசா குளத்தின் வழியாகக் கெராயோங் ஆற்றில் விடவேண்டும். நடுவே சுமார் 3 கிலோமீட்டருக்கு மோட்டார் வண்டிகள் போக இரண்டு அடுக்குச் சாலை. இலேசான மழையானால் சாலையில் வண்டிகள் போகும். மழை கூடினால் சாலைக்கு அடியில் உள்ள வாய்க்காலில் மட்டும் நீர் ஓடும். பெருவெள்ளம் வந்தால் வண்டிகளை வெளியேற்றிக் கதவடைத்துவிட்டு, சுரங்கம் முழுவதையும் நீருக்கு விட்டுவிடுவார்கள். தேக்கக் குளங்களையும் சேர்த்து 30 லட்சம் கன மீட்டர் நீரை இது கொள்ளும்.

சுரங்கம் தோண்டும் இயந்திரத்தின் விட்டம் 13.2 மீட்டர், நான்கு மாடி வீட்டின் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் செய்த அத்தகைய இயந்திரங்கள் இரண்டு, துவா, கெமிலாங் என்று பெயர் சூட்டப்பெற்று இறங்கின. இவ்வளவு பெரிய வாயை எங்கே திறப்பது? மேலே சாலை, வீடு, கடை. கீழே ஊசிப் பாறையும் பொந்துகளும். இடையே பழைய ஈய லம்பங்கள் கழித்துப்போட்ட தளர்ந்த மணல். சுரங்கமும் அதிக ஆழத்தில் இல்லை. ஆகவே வழி நெடுகத் துளை போட்டார்கள். தரையின்மேல் செய்யும் கருவிச் சோதனைகளையும் செய்தார்கள். பழைய வரைபடங்களை எடுத்து, எங்கெங்கே லம்பங்கள் இருந்தன என்று பார்த்தார்கள்.

நேயர்களே, சோதனையின் பயன் எங்கே தெரிகிறது? பாறை இப்படி என்று தெரிந்ததால்தான் எந்த வகை இயந்திரம் வேண்டும் என்று முடிவுசெய்ய முடிந்தது. முன்பக்கம் திறந்த இயந்திரத்தை இறக்கியிருந்தால், பொந்து வழியாக நிலத்தடி நீர் உள்ளே வடிந்து, மேலே தெருக்கள் உட்கார்ந்திருக்கும். ஆகவே, பெண்டோனைட் என்ற களிமண்ணைக் கரைத்த குழம்பை முன்பக்கத்தில் அழுத்தத்தோடு நிரப்பி வைக்கும் இயந்திரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். நீரையும் மண்ணையும் அந்தக் குழம்பு பிடித்து நிறுத்தும். பொந்துகள் இருக்கும் என்று தெரிந்த இடங்களில் முன்கூட்டியே சிமெண்டுக் கலவையைச் செலுத்தி அடைத்தார்கள்.

இத்தனை செய்தும் எல்லாம் சுமுகமாக முடிந்ததா? இல்லை. சில இடங்களில் குழம்பு தெரியாத பொந்துக்குள் ஓடிப்போயிற்று, அழுத்தம் குறைந்தது, மேலே தரை அமிழ்ந்தது. துளைக்கும் துளைக்கும் நடுவில் இருப்பதைத் துளை சொல்லாது. பத்து சென்டிமீட்டர் துளைகள் எத்தனை போட்டாலும், ஒரு பெரிய வீட்டின் சாவித்துவாரம் வழியாகப் பார்ப்பது போலத்தான். ஆனால் அமிழ்வு வரும் என்று எதிர்பார்த்திருந்ததால், தரைமட்டத்தை ஓயாது அளந்துகொண்டும், குழிகளை உடனுக்குடன் நிரப்பிக்கொண்டும் வேலையை நடத்தினார்கள். 2007 மே 14-ஆம் தேதி சாலை திறக்கப்பட்டது. வெள்ள வாய்க்காலும் பயனுக்கு வந்தது. அங்கே கற்றது வீணாகவில்லை. பிறகு கோலாலம்பூரில் எம்.ஆர்.டி. ரயில் சுரங்கம் தோண்டியபோது, குழம்பின் அடர்த்தியை இடத்துக்குத் தக்கபடி கூட்டிக் குறைக்கும் புதுவகை இயந்திரத்தை உருவாக்கினார்கள். உலகத்துக்கே அது புதிது. நம் நாட்டுச் சுண்ணாம்புப் பாறை கற்றுக்கொடுத்த பாடம் அது.

இன்னொரு உண்மையையும் சொல்லியாக வேண்டும். ஸ்மார்ட் சுரங்கம் காப்பது நகரின் நடுப்பகுதியை. 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் ஸ்ரீ மூடாவில் நம் மக்கள் கூரைமேல் ஏறி நின்றபோது, அந்தச் சுரங்கம் அவர்களுக்கு எட்டவில்லை, எட்டவும் முடியாது. ஓர் இடத்து நிலத்தை அறிந்து கட்டிய காப்பு அந்த இடத்துக்கே. ஒவ்வோர் ஊரும் தன் நிலத்தையும் தன் நீரையும் தானே அறியவேண்டும்.

குடிநீருக்கும் நம் நாட்டில் ஒரு பெருஞ்சுரங்கம் உண்டு. பகாங்கின் செமந்தான் ஆற்று நீரைச் சிலாங்கூருக்குக் கொண்டுவர, பெரிய மலைத்தொடரைக் குடைந்து 44.6 கிலோமீட்டர் நீளத்துக்கு அதைத் தோண்டினார்கள். விட்டம் 5.2 மீட்டர். நாள் ஒன்றுக்கு 189 கோடி லிட்டர் நீர் வரும்படி அமைத்தார்கள். தோண்டும் வேலை 2014-இல் முடிந்தது. மலையின் அடியில் தமிழன் தண்ணீர் திருப்பிய கதை நமக்குப் புதிதல்ல. 1895-இல் பெரியாற்று நீரை மலையைக் குடைந்து மதுரைச் சீமைக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கு உழைத்த கைகளும் நம் கைகளே.

பகாங் சுரங்கத்தில் பாறை உறுதியான கருங்கல். ஆனால், சில இடங்களில் மேலே ஆயிரம் மீட்டருக்கும் அதிகமான மலை. உச்சியிலிருந்து துளை போட்டுப் பார்ப்பது ஆகாத காரியம். அப்போது என்ன செய்வது? மலையின் தோற்றத்தையும் ஓடைகள் போகும் கோட்டையும் படித்து, பாறை பிளந்திருக்கும் இடங்களை ஊகித்தார்கள். உள்ளே போகப் போக, இயந்திரத்துக்கு முன்னால் துளை போட்டுப் பார்த்துப் பார்த்து நகர்ந்தார்கள். அப்படியும் நீர் பீறிட்டது, வெந்நீர் வந்தது, அழுத்தத்தால் பாறை வெடித்துத் தெறித்தது. அவற்றையெல்லாம் தாங்கித்தான் அந்த வேலை முடிந்தது. சோதனை என்பது தோண்டுமுன் முடிந்துவிடும் வேலை அல்ல; கடைசி அடி தோண்டும் வரை தொடர்வது என்பதை இது காட்டுகிறது.

இவ்வளவையும் கேட்ட நாம் நம் அளவில் செய்யக்கூடியது என்ன?

தோட்டத்தைவிட்டு வெளியேறி, சேமித்த வெள்ளியைக் கொண்டு மனை வாங்குகிறவர்கள், விலையைக் கேட்பதோடு நில்லாமல் நிலத்தையும் கேளுங்கள். அங்கே முன்பு என்ன இருந்தது? சேற்று நிலத்தை மண் போட்டு மேடாக்கினார்களா? பழைய லம்பக் குளத்தை மூடினார்களா? பின்னால் செங்குத்தான மலை நிற்கிறதா? அந்த வட்டாரத்தில் நெடுநாள் இருக்கும் முதியவர்களைக் கேட்டால் பாதி விடை கிடைத்துவிடும். குடியிருக்கும் வீட்டிலும் சில குறிகளைப் பாருங்கள். சுவரில் படிக்கட்டுப் போலச் சாய்வாக விரிசல் ஓடுவது, நேற்றுவரை சரியாகச் சாத்திய கதவு இன்று இடிப்பது, முற்றத்தில் காரணமில்லாமல் பள்ளம் விழுவது, கானில் ஓடும் நீர் நடுவழியில் மண்ணுக்குள் மறைவது, இவையெல்லாம் நிலம் பேசும் பேச்சு. பள்ளத்தில் மண்ணைக் கொட்டி மூடிவிட்டுச் சும்மா இராதீர்கள். உரிய அலுவலகத்தில் எழுத்து மூலம் தெரிவியுங்கள். பிள்ளைகளை அங்கே விளையாட விடாதீர்கள்.

கட்டுமான வேலைக்குப் போகும் இளைஞர்களே, ஆழமான குழியில் இறங்கச் சொன்னால், பக்கம் அடைத்திருக்கிறதா என்று கேட்க வெட்கப்படாதீர்கள். கேட்டவன் கோழை அல்லன். கடப்பாரையால் குத்திப் பார்த்த எங்கள் கிணற்றுப் பெரியவரும் கோழை அல்லர். அவர் வெட்டிய கிணற்றில் ஒருவரும் புதையவில்லை.

படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு சொல். மருத்துவம், சட்டம் என்றே நம் வீடுகளில் கனவு காண்கிறோம். நிலவியலும் ஒரு படிப்பு என்பதை அறிந்துகொள்ளுங்கள். உங்கள் தாத்தா பாட்டிகள் காட்டை அழித்து, இந்த மண்ணைக் காலால் அறிந்தார்கள்; கையால் அறிந்தார்கள். எந்தச் சரிவில் மண் வழியும், எந்தப் பள்ளத்தில் நீர் நிற்கும் என்று அவர்களுக்குத் தெரியும். அந்த அறிவை ஏட்டில் ஏற்றி, கருவி கொண்டு அளந்து சொல்லும் தகுதி உங்களுக்கு வரவேண்டும்.

யானைக் கதையில் ஒரு யானை நின்றது. ஒரு யானை புதைந்தது. கரையில் நின்ற தோழனின் அன்பு பெரிது, மறுக்கவில்லை. ஆனால், இறங்குவதற்கு முன்பே ஒரு கோலை எடுத்துச் சேற்றைக் குத்திப் பார்த்து, "இங்கே இறங்காதே" என்று சொல்லும் தோழன் ஒருவன் இருந்திருந்தால், இரண்டும் கரையேறியிருக்குமே! நிலவியல் என்பது அந்தத் தோழன்.